நெல்லையிலிருந்து லே வரை பைக்கில்: 47 பொருட்களில் எதை விட்டுவிட்டுப் போவது?

பொருநைக்கரையான்
ஜூலை 6, இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக இங்கே படித்துவிட்டுப் பேசாமல் போய்க்கொண்டிருந்தவன் நான். முதல் பதிவு இது. பாளையங்கோட்டையில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். வயது 41. வண்டி ஹிமாலயன் 411, 2021 மாடல். இதுவரை அதிகபட்சமாகக் குடகு வரை போய் வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 30 காலையில் கிளம்பி 21 நாளில் திரும்ப வேண்டும். தீபாவளி வேலை குவியத் தொடங்கிவிட்டால் அச்சகத்தை விட்டு நகர முடியாது. திட்டம் இதுதான்: 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் டெல்லி, அங்கிருந்து மணாலி, லடாக்கின் லே, நுப்ரா, பாங்காங், ஹன்லே, உம்லிங் லா (லா என்றால் கணவாய்), பிறகு கார்கில், ஸ்ரீநகர் வழியாக இறங்கி மறுபடியும் அதே 44இல் வீடு. தனியாகத்தான் போகிறேன். முடிந்த இடமெல்லாம் கூடாரம் அடித்துத் தங்க ஆசை.

மொத்தம் 47 பொருட்கள் எழுதியிருக்கிறேன். முக்கியமானவை: இருவர் படுக்கும் கூடாரம், தூக்கப்பை, கேஸ் அடுப்பு, நான்கு கேஸ் கேன், மூன்று லிட்டர் பிரஷர் குக்கர், இரண்டு பாத்திரம், ஐந்து கிலோ அரிசி, பருப்பு, 10 லிட்டர் பெட்ரோல் கேன், மடக்கு நாற்காலி, ஏழு சட்டை, நான்கு பேன்ட், கம்பளிப் போர்வை (அம்மாவின் கட்டளை), கேமரா, டிரைபாட், மடிக்கணினி, கருவிப்பெட்டி, காற்றடிக்கும் பம்ப், மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் (இதுவும் அம்மா). காகிதக் கட்டு நிறுக்கும் தராசில் எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தேன். 41 கிலோ காட்டுகிறது. வேறு எதையாவது மறந்துவிட்டேனா?


சக்கரத்தாழ்வான்
ஜூலை 6, இரவு 10:25

தம்பி, நீங்கள் எதையும் மறக்கவில்லை. அதுதான் சிக்கல்.

வண்டியே 199 கிலோ. அதன் மேல் நீங்கள், உங்கள் மேல் ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட். பின்னால் 41 கிலோ. என்ஜின் தருவது 24 குதிரைத்திறன், அதுவும் தூத்துக்குடிக் கடற்காற்றில். தங்லங் லாவின் உயரம் 5,328 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். எரிபொருளைச் செலுத்தும் கணினி கலவையைச் சரிசெய்யும். இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. முதல் கியரில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது அந்த மடக்கு நாற்காலியை நினைத்துக்கொள்வீர்கள்.

பொருட்களை அப்புறம் பார்க்கலாம், முதலில் நாட்களைப் பார்ப்போம். உங்கள் ஊரிலிருந்து ஸ்ரீநகருக்கே 3,500 கிலோமீட்டருக்கு மேல். நாளுக்கு 500 வீதம் ஓட்டினால் போவதற்கு 7 நாள், வருவதற்கு 7 நாள். மிச்சம் 7 நாளில் காஷ்மீர், லடாக், ஹன்லே, உம்லிங் லா! சாலையில் ஒரு நாள் மண் சரிந்து நின்றால்கூட உங்கள் கணக்கு போயிற்று. மூன்று முறை போயிருக்கிறேன். ஒரு முறைகூடத் திட்டமிட்ட தேதியில் திரும்பியதில்லை.

நான் சொல்வது: 26 நாள் எடுங்கள், ஹன்லேயையும் உம்லிங் லாவையும் வெட்டுங்கள், போகும்போது ஓட்டிக்கொண்டு போங்கள், திரும்பும்போது டெல்லியில் வண்டியை ரயிலில் ஏற்றுங்கள். பார்த்த சாலையையே மறுபடி ஏழு நாள் பார்ப்பதில் ஒன்றுமில்லை.

அதைவிட முக்கியம், வழியைத் திருப்பிப் போடுங்கள். ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குங்கள். ஏன் என்பதை நம் டாக்டர் சொல்வார்.


மருந்துச்சீட்டு
ஜூலை 6, இரவு 11:10

அழைத்ததால் வந்தேன்.

உடம்புக்கு முக்கியம் எவ்வளவு உயரத்தைக் கடந்தீர்கள் என்பதல்ல, எந்த உயரத்தில் தூங்கினீர்கள் என்பது. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் ஒரு நாள் இருக்க வேண்டும். பொதுவாக மருத்துவர்கள் சொல்லும் அளவு இது.

இதை வைத்து இரண்டு வழிகளையும் பாருங்கள். மணாலி 2,050 மீட்டர். அடுத்த இரவு ஜிஸ்பா, 3,200. அதற்கடுத்த இரவு சர்ச்சு, 4,290. ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் எகிறுகிறது. சர்ச்சுவில் இரவெல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் கதை இங்கேயே பத்து இருக்கும். ஸ்ரீநகர் வழியில் ஸ்ரீநகர் 1,585, கார்கில் 2,676, லே 3,500. நடுவே ஸோஜி லா 3,528, ஃபோட்டு லா 4,108 என்று ஏறினாலும் அங்கே தூங்கப்போவதில்லை. லேயில் முழுதாக இரண்டு நாள் படுத்திருங்கள். ஒரு வாரம் லடாக்கில் பழகிவிட்ட உடம்புக்குத் திரும்பும் வழியில் வரும் பாங் என்ற இடமும் சர்ச்சுவும் அவ்வளவு தொந்தரவு தராது.

தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இரவென்றும் பார்க்காமல் கீழே இறங்க வேண்டும். தனியாகப் போவதால் தங்கும் இடத்தில் யாரிடமாவது சொல்லி வையுங்கள். மலை உயரத்துக்கென்று சொல்லப்படும் அசிட்டசோலமைடு மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று வாங்கி விழுங்க வேண்டாம். சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஆகாது. உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். லே போய்ச் சேர்ந்த மகிழ்ச்சியில் அன்றிரவே புட்டியைத் திறப்பதும் வேண்டாம்.


நூறுசிசி
ஜூலை 7, காலை 6:15

பெரியவர்கள் பயமுறுத்தி முடித்துவிட்டீர்களா? 2018இல் நான் 100 சிசி வண்டியில் மணாலி வழியாகவே லே போய் வந்தேன். பை ஒன்று, சட்டை இரண்டு. கார்புரேட்டர் வண்டி, பாராலாச்சா லாவில் கரும்புகை கக்கிக்கொண்டு ஆட்டோ வேகத்தில் ஏறியது. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். ஆனாலும் போய்ச் சேர்ந்தது. வண்டிக்கு என்ன ஆனாலும் வழியில் கிடைக்கும் மெக்கானிக் அதை ஏற்கெனவே ஆயிரம் முறை பிரித்துப் பார்த்திருப்பான் என்ற தைரியம்தான் என் கருவிப்பெட்டி.

சார், 47 பொருட்களில் 30ஐ வீட்டில் வையுங்கள். மீதி 17இல் பாதியை லேயில் வாங்கிக்கொள்ளலாம். அது ஊர்தான், நிலா அல்ல.


கரிசல்பட்டி
ஜூலை 7, காலை 8:50

அண்ணாச்சி, நான் கோவில்பட்டி. பக்கத்து ஊர்க்காரன் என்பதால் என் மானத்தை வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் பக்கவாட்டில் தொங்கும் துணிப்பை இரண்டு புதிதாக வாங்கினேன். இரும்புச் சட்டம் எதுவும் மாட்டாமல் சீட்டின் மேல் போட்டுப் பட்டையை இழுத்துக் கட்டினேன். வீட்டு வாசலில் நின்றபோது துணிப்பைக்கும் சைலன்ஸருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. ஹைதராபாத் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. நிர்மல் தாண்டியதும் ஒரு லாரிக்காரர் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே கையைக் காட்டினார். நான் அவருக்கு வழி விட்டுக் கையசைத்தேன், வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து! கண்ணாடியில் பார்த்தால் புகை. பட்டை தளர்ந்து, எடை இழுத்து, பை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிச் சைலன்ஸர் மேல் உட்கார்ந்துவிட்டது. நிறுத்திப் பார்த்தபோது அடியில் ஒரு தட்டளவு ஓட்டை. அதன் வழியாக இரண்டு பேன்ட், சார்ஜர், என் மனைவி வாங்கிக் கொடுத்த புதுத் தெர்மல் உள்ளாடை எல்லாம் தெலங்கானா மண்ணில் எங்கோ விழுந்து கிடக்கின்றன. பையின் அடிப்பகுதி கருப்பு வெல்லப்பாகு மாதிரி சைலன்ஸரில் ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது.

ஆகவே: இரும்புச் சட்டம் மாட்டாமல் துணிப்பை தொங்கவிடாதீர்கள். முழு எடையும் ஏற்றி, 100 கிலோமீட்டர் மோசமான சாலையில் ஓட்டிவிட்டு, பை எங்கே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். வாசலில் பார்ப்பது பார்ப்பதே அல்ல.


சக்கரத்தாழ்வான்
ஜூலை 7, காலை 9:30

கரிசல்பட்டி, அந்த லாரிக்காரர் இன்னும் உங்களைப் பற்றித் தாபாக்களில் சொல்லிக்கொண்டிருப்பார்.

கட்டுவதைப் பற்றி நானும் சேர்த்துவிடுகிறேன். கனமானவை கீழே, உங்கள் முதுகுக்கு அருகில். கருவிகள், டியூப், சங்கிலி எண்ணெய் எல்லாம் பக்கவாட்டுப் பைகளின் அடியில். தூக்கப்பை, உடை போன்ற பஞ்சு எடைகள் சீட்டுக்குப் பின்னால். வால்பகுதியில் கனத்தை வைத்தால் முன்சக்கரம் தூக்கலாகி, மணலில் ஹேண்டில் பார் தானாக ஆடும். மோரே சமவெளியிலும் நுப்ராவிலும் அது புரியும். இரண்டு பக்கமும் சம எடை இருக்கிறதா என்று உங்கள் காகிதத் தராசிலேயே பார்த்துவிடுங்கள்.

கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றை நம்பாதீர்கள். குலுங்கும்போது நீண்டுகொடுக்கும், கொக்கி தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. பூட்டு வைத்த நாடாப்பட்டை நான்கு வாங்குங்கள். கூடவே பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் கேட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போல் பிடிக்கும் சாமான் எந்தக் கடையிலும் இல்லை.


பொருநைக்கரையான்
ஜூலை 7, இரவு 10:05

நேற்றிரவு எழுதும்போது கொஞ்சம் பெருமையாக இருந்தது. இன்று இல்லை. பரவாயில்லை, நன்றி!

26 நாளுக்குக் கூட்டாளியிடம் பேசிவிட்டேன். ஸ்ரீநகர் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குகிறேன். உம்லிங் லாவை மனத்திலிருந்து அழிக்கத்தான் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. அந்தச் சாலை 2021இல் திறந்த செய்தியைக் கத்தரித்து அச்சகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நாற்காலி, மடிக்கணினி, டிரைபாட், ஐந்து சட்டை, இரண்டு பேன்ட் வெளியே. ஆனால் சமையலை விட மனமில்லை. பெட்ரோல் கேனும் வேண்டுமல்லவா?


குளிர்காய்பவன்
ஜூலை 7, இரவு 11:45

சமையல் என்றதும் எனக்குத் தூக்கம் வராது. பெங்களூரில் வேலை, வார இறுதியில் மலை. அடுப்பு பற்றி ஓரளவு தெரியும்.

அரிசியை விட்டுவிடுங்கள். சர்ச்சு உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று பார்ப்போம், ஆனால் சோறு நடுவில் ஊசி போல நிற்கும். குக்கர் இருந்தால் வேகும், ஆனால் ஓர் ஆளுக்காக ஒன்றரைக் கிலோ குக்கரை எட்டாயிரம் கிலோமீட்டர் சுமப்பது என்ன நியாயம்? அவல் எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் போதும், பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டால் சாப்பாடு. ஒரு துண்டு கருப்பட்டி இருந்தால் அதுவே காலை உணவும். மூன்று நாள் அளவுக்கு மட்டும் போதும், மீதி எல்லா இடத்திலும் ராஜ்மாவும் நூடுல்ஸும் கிடைக்கும்.

கேஸ் கேன் நான்கு எதற்கு? ஒன்று போதும். நம் கடைகளில் கிடைக்கும் நீளக் கேனில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். கடல்மட்டத்தில் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே அது ஆவியாக மறுக்கும். மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இன்னும் சில டிகிரி கீழே வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் எரிய எரியக் கேனே குளிர்ந்துபோகும். காலை ஐந்து மணிக்குத் தீ மெழுகுவர்த்திச் சுடர் மாதிரி நிற்கும். இரவில் கேனைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு படுத்தால் காலையில் எரியும்.

இனி நான் செய்த முட்டாள்தனம். ஜிஸ்பாவில் பாகா ஆற்றங்கரை. மழை தூறியது. கூடாரத்துக்குள்ளேயே அடுப்பைப் பற்ற வைத்து, குளிருக்கு இதமாக இருக்கிறது என்று ஜிப்பையும் இழுத்து மூடினேன். நூடுல்ஸ் வெந்து முடியும்போது தலை பாரமாக இருந்தது. உயரம்தான் காரணம் என்று நினைத்தேன். தற்செயலாக உப்பு எடுக்க வெளியே போனவன் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடம் காற்று வாங்கியதும் தலை தெளிந்தது. கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்கவே எரிக்காதீர்கள். மழை பெய்தால் அவலைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிடுங்கள், செத்துப் போய்விட மாட்டீர்கள்.


மருந்துச்சீட்டு
ஜூலை 8, காலை 7:00

மேலே உள்ள கடைசிப் பத்தியை யாராவது கொட்டை எழுத்தில் அச்சடித்துத் தாருங்கள். நம்மிடம் அச்சகக்காரர் இருக்கிறாரே.


சக்கரத்தாழ்வான்
ஜூலை 8, காலை 7:40

பெட்ரோலுக்கு வருவோம். நெல்லையிலிருந்து கேன் கட்டிக்கொண்டு போகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். 44ஆம் சாலையில் பெட்ரோல் பங்க் இல்லாத இடம் எங்கே இருக்கிறது? கார்கிலில் இருக்கிறது, லேயில் இருக்கிறது. பிரச்சினை ஒரே ஒரு நீட்சியில்தான்: லேயை அடுத்த காரு என்ற ஊரிலிருந்து கேலாங் அருகே உள்ள தாண்டி என்ற ஊர் வரை. மணாலியிலிருந்து ஏறுகிறவர்களுக்காகத் தாண்டியில் "அடுத்த பெட்ரோல் பங்க் 365 கி.மீ." என்று பலகையே வைத்திருந்தார்கள். உங்கள் டேங்க் 15 லிட்டர். சமவெளியில் லிட்டருக்கு 30 கொடுத்தாலும் அந்த ஏற்றங்களில் 25 என்றே கணக்கு வையுங்கள். 375 வருகிறது. அதாவது தாண்டி பங்கின் வாசலில் வண்டி நின்றுவிடலாம். எனவே ஐந்து லிட்டர் கேன் ஒன்று, அதையும் லேயில் நிரப்புங்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிக் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் விலகி ஓட்டுங்கள்.

பாங்காங் போய்வரவும் லேயிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.


நொய்யல்
ஜூலை 8, மதியம் 1:20

கோவையிலிருந்து. 2022இல் நானும் என் தங்கையும் இரண்டு வண்டிகளில் போனோம். இங்கே யாரும் சொல்லாத சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கைபேசி. வெளி மாநில ப்ரீபெய்ட் எண்கள் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கிளம்பும் வாரத்தில் அல்ல, இப்போதே. வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வையுங்கள். கைபேசியில் பணம் அனுப்பிப் பழகியவர்கள் பாங் என்ற அந்த இடத்தில் தேநீருக்குக் காசு கொடுக்க முடியாமல் விழித்ததைப் பார்த்திருக்கிறேன். லேயில் ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், சில்லறையாக.

வண்டி யார் பெயரில் இருக்கிறது? அப்பா பெயரில் என்றால் அவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அசல் ஆவணங்களோடு நகல் ஐந்து செட், நுப்ரா பாங்காங் அனுமதிச் சீட்டின் நகலும் அப்படியே. சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு அச்சகம் இருக்கிறது, கவலை இல்லை.

மழைக்குப் பைகளின் மேல் போடும் உறையை நம்பாதீர்கள், காற்று பிய்த்துக்கொண்டு போகும். பைக்குள்ளே தடித்த குப்பைப்பை போட்டு அதற்குள் துணியை வையுங்கள். கையுறைக்கு மேல் போட, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை, உங்கள் கையைவிட இரண்டு அளவு பெரியது. பூட்ஸுக்குள் காலுறைக்கு மேல் துணிக்கடைப் பிளாஸ்டிக் பை. பார்க்க அழகாக இருக்காது. நாங்கள் பாராலாச்சாவில் ஆலங்கட்டி மழையில் மாட்டியபோது, விலை உயர்ந்த ஜாக்கெட் போட்ட ஒருவர் எங்கள் ரப்பர் கையுறையைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

பெண்கள் இந்த இழையைப் படித்தால்: மணாலி லே சாலையில் பல மணி நேரம் கழிப்பறை கிடையாது, மரமும் கிடையாது. பெரிய துப்பட்டா ஒன்று கையருகே இருக்கட்டும். மாதவிடாய்க் கோப்பையை வீட்டில் இரண்டு மூன்று மாதம் பழகிவிட்டுப் போங்கள், அங்கே போய் முதல் முறை முயல வேண்டாம். இதற்காகத் தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். தங்கை அப்படிச் செய்துதான் லேயில் ஒரு நாள் முழுக்கப் படுத்தாள்.


பொருநைக்கரையான்
ஜூலை 8, இரவு 9:50

அக்கா, மிகவும் நன்றி. வண்டி என் பெயரில்தான். போஸ்ட்பெய்டுக்கு இன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கூடாரம்? எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றிப் போகிறீர்களே தவிர, வேண்டுமா வேண்டாமா என்று யாரும் சொல்லவில்லை.


நூறுசிசி
ஜூலை 8, இரவு 10:10

வேண்டாம். சர்ச்சு, பாங், டெப்ரிங் எல்லா இடத்திலும் பருவகாலத்தில் கூடாரக் கடைகள் இருக்கின்றன. ஒரு நீளத் திண்ணை, மூன்று ரஜாய் (பஞ்சுப் போர்வை), சூடான சோறு. டெல்லி வரை லாரி தாபாக்களில் கயிற்றுக் கட்டில். சொந்தக் கூடாரம் என்பது புகைப்படத்துக்கு.


குளிர்காய்பவன்
ஜூலை 8, இரவு 10:40

வேண்டும். சாலை அடைபட்டு, இருட்டி, கடையும் இல்லாத இடத்தில் நின்றால் ரஜாய் எங்கிருந்து வரும்? மூன்று கிலோவில் ஒரு வீடு கூட வருவது சாதாரண விஷயமா?

ஆனால் கூடாரத்தைவிடத் தரைமெத்தை முக்கியம். செப்டம்பர் நடுவில் சர்ச்சுவில் இரவு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் உடம்பை உறிஞ்சும். தூக்கப்பையில் இரண்டு வெப்ப அளவு எழுதியிருப்பார்கள். ஒன்று வசதியாகத் தூங்கும் அளவு, இன்னொன்று உயிர் பிழைக்கும் அளவு. கடைக்காரர் பெரும்பாலும் இரண்டாவதைச் சொல்லித்தான் விற்பார். நீங்கள் முதலாவதைப் பாருங்கள்.

ஆற்றங்கரையில் அடிப்பதானால் நீர்மட்டத்திலிருந்து நன்றாக மேலே போய் அடியுங்கள். பனி உருகும் தண்ணீர் பிற்பகலில்தான் பெருகி வரும். காலையில் கணுக்கால் அளவு ஓடிய நாலா (மலை ஓடை) மாலையில் முழங்காலைத் தொடும். சாலையைக் குறுக்கிடும் நாலாக்களைக் காலையிலேயே கடக்கச் சொல்வதும் அதனால்தான்.


சக்கரத்தாழ்வான்
ஜூலை 9, காலை 6:30

கூடாரம் எடுத்துக்கொள்ளட்டும். ஆசைப்பட்டுத்தானே போகிறார். அதற்கு ஈடாகக் குக்கரும் அரிசியும் போகட்டும். கம்பளியைப் பற்றி அம்மாவிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே நிபந்தனை. அந்த வண்டி டியூப் வைத்த டயர். முன்னால் 21 அங்குலம், பின்னால் 17. 21 அங்குல டியூப் சிற்றூர்க் கடைகளில் கிடைக்காது, இரண்டும் ஒவ்வொன்று எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் உங்கள் வீட்டு முற்றத்தில், உங்களோடு பயணம் வரப்போகும் கருவிகளை மட்டும் வைத்து, பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றி மறுபடி மாட்டுங்கள். செய்துவிட்டு எத்தனை நேரம் ஆனது என்று இங்கே எழுதுங்கள்.

கிளட்ச் கேபிள் புதியது ஒன்று வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும் கேபிளின் பக்கத்திலேயே அதே வழியில் செலுத்தி, இரு முனையையும் டேப் சுற்றி விட்டுவிடுங்கள். பழையது அறுந்தால் முனையை மாற்றி மாட்டினால் போதும். மழையில் டேங்கைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டாம்.


பொருநைக்கரையான்
ஜூலை 20, மாலை 6:15

ஐயா, முதல் முறை: 2 மணி 10 நிமிடம். டயர் லிவரால் புது டியூபையே கடித்துவிட்டேன், காற்றடித்தால் சீறுகிறது. பக்கத்து வீட்டுப் பையன்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டாம் முறை: 1 மணி 20. இன்று மூன்றாம் முறை: 45 நிமிடம். டயரின் ஒரு பக்க ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் காலால் மிதித்து வைத்துக்கொண்டால் மறுபக்கம் தானாக இளகிவிடுகிறது என்பதைக் கண்டுபிடித்தேன். சோப்புத் தண்ணீரும் கைகொடுத்தது.

இதில் இன்னொன்றும் தெரிந்தது: பெட்டியில் இருந்த 19 கருவிகளில் 7ஐத்தான் தொட்டேன். மற்றவை வெளியே. இன்றைய தராசு: 23 கிலோ 400 கிராம்.


சக்கரத்தாழ்வான்
ஜூலை 20, இரவு 8:00

இப்போது போகலாம்.


கரிசல்பட்டி
ஜூலை 21, காலை 9:00

அண்ணாச்சி, ஊறுகாய் பாட்டில்? கண்ணாடியா?


பொருநைக்கரையான்
ஜூலை 21, காலை 9:20

பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப். கம்பளியும் பேச்சுவார்த்தைக்குப் பிறகு பாதியாக வெட்டப்பட்டது. உண்மையாகவே கத்தரிக்கோலால்!


பொருநைக்கரையான்
செப்டம்பர் 21, இரவு 8:30

டெல்லி, நிஜாமுதீன் அருகே ஒரு விடுதி. வண்டியை இன்று பார்சலில் ஏற்றிவிட்டேன். டேங்கைச் சொட்டு விடாமல் காலி செய்யச் சொன்னார்கள். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். வைக்கோலும் சாக்கும் வைத்துத் தைத்து, அட்டையில் ஊர்ப்பெயர் எழுதிக் கட்டினார் ஒரு பெரியவர். சாக்கு ஊசியை அவர் பிடித்த விதம் எங்கள் அச்சகத்தில் புத்தகம் தைத்த பழைய பைண்டரை நினைவூட்டியது. நாளை நான் திருக்குறள் எக்ஸ்பிரஸில் வருகிறேன்.

கணக்கு ஒப்படைக்கிறேன். பஞ்சர் ஒன்றே ஒன்று, அதுவும் லலித்பூர் பக்கம் நால்வழிச் சாலையில், பஞ்சர் கடை வாசலிலேயே! நானே கழற்றுகிறேன் என்று அடம்பிடித்தேன். கடைக்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். 50 நிமிடம்.

கூடாரம் அடித்தது இரண்டே இரவு. ஹுண்டரில் ஒன்று, ஜிஸ்பாவில் ஒன்று. பாங்கில் நூறுசிசி சொன்ன திண்ணையில்தான் படுத்தேன். டாக்டர் சொன்னபடி லேயில் இரண்டு நாள் படுத்தே கிடந்ததால் தலைவலி ஒரு மாலையோடு போயிற்று. கிளட்ச் கேபிள் அறுபடவில்லை. ரப்பர் கையுறை நான்கு நாள் வேலை செய்தது. கேமராவை எடுத்தது மொத்தம் மூன்று முறை. அவல் முழுவதும் தீர்ந்தது. ஐந்து லிட்டர் பெட்ரோலில் மூன்று லிட்டர், மோரே சமவெளியில் வற்றிப்போய் நின்ற இரண்டு பஞ்சாபிப் பையன்களுக்குப் போயிற்று. மீதி இரண்டோடு தாண்டி பங்க் வந்து சேர்ந்தபோது கேனில் ஒரு சொட்டு இல்லை. ஐயா, உங்கள் கணக்கு அச்சு அசல்.

இனி ஊறுகாய். தங்லங் லாவில் இறங்கிப் படம் எடுக்கலாம் என்று பையைத் திறந்தேன். பிஸ்கட் பாக்கெட்டுகள் எல்லாம் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தன. டப்பாவுக்குள் அடைபட்டிருந்த நெல்லைக் காற்றும் அதே வேலையைச் செய்திருக்கிறது. மூன்று சுற்று டேப்பையும் தள்ளிக்கொண்டு நல்லெண்ணெய் வழிந்து, கூடாரத் துணியெங்கும் இறங்கிவிட்டது. ஜிஸ்பாவில் அந்தக் கூடாரத்துக்குள் படுத்திருந்தபோது, கண்ணை மூடினால் எங்கள் வீட்டு அடுப்படி.


கரிசல்பட்டி
செப்டம்பர் 21, இரவு 9:05

நல்லபடியாக ஊர் வந்து சேருங்கள். அண்ணாச்சி, டிசம்பரில் ஜெய்சால்மர் போகிறேன். அந்தக் கூடாரத்தைக் கடனாகத் தருவீர்களா? இந்த முறை இரும்புச் சட்டம் மாட்டிவிட்டேன்.


பொருநைக்கரையான்
செப்டம்பர் 21, இரவு 9:20

தாராளமாக. இரண்டு முறை துவைத்தும் மாங்காய் வாசனை போகவில்லை, பரவாயில்லையா?


கரிசல்பட்டி
செப்டம்பர் 21, இரவு 9:25

அங்கே இருப்பது ஒட்டகம்தான் அண்ணாச்சி. அதற்கு ஊறுகாய் பிடிக்காது.